மகளுக்கு: திரும்பி வந்த கூடையும் பன்னிரண்டு பெயர்களும்

ஷாமினி,

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, பல்கலைக்கழகத்தில் நீ ஆராய்ச்சிப் பயிற்சி இடம் கேட்டிருந்த பேராசிரியைக்கு, உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நான் ஒரு பரிசுக் கூடை அனுப்பினேன். அவர் அதைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார். மாணவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலிருந்து தானே விலகிக்கொண்டார். இருந்தது ஒரே ஓர் இடம். அது செந்தூலிலிருந்து வரும் இன்னொரு மாணவிக்குப் போனது. நீ துணிமணியை எடுத்துக்கொண்டு காஜாங்கில் தோழியின் அறைக்குப் போய்விட்டாய். நடந்தது இவ்வளவுதான்.

நீ கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து நின்று, உட்காரக்கூட மாட்டேன் என்று சொல்லி, "வாய்ப்பேச்சு வேணாம்ப்பா, எழுதிக் குடுங்க. அதையும் வியாபாரிகள் சங்கத்துப் பொங்கல் மலர்ல போடுங்க. வருஷா வருஷம் வியாபாரத்துல ஜெயிக்கிறது எப்படின்னு ரெண்டு பக்கம் எழுதறீங்கல்ல, இந்த வருஷம் இதை எழுதுங்க" என்றாய். அதனால் இந்தக் கடிதத்தை உன்னோடு சேர்ந்து கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிற பாதிக் கடைக்காரர்களும் படிக்கப் போகிறார்கள். படிக்கட்டும். காலையிலிருந்து கடையின் பின்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாலு தடவை எழுந்து வெளியே போய் வந்துவிட்டேன். வராத சரக்கு லோரிக்காக வாசலில் போய் நின்றேன். போனை மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஏன் கவிழ்த்து வைத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்குப் பம்பு, வால்வு, அவற்றின் உதிரிப் பாகங்கள் விற்கிறவன். ஆலைக்காரர்கள் யாருக்கும் என் சொந்தப் பெயர் தெரியாது. எல்லோருக்கும் நான் 'பம்பு பாஸ்'. எங்கள் தொழிலில் பெருநாள் கூடை என்பது மூச்சு விடுவது மாதிரி. நோன்புப் பெருநாள் ஹரி ராயாவுக்கு ஒரு பட்டியல், சீனப் புத்தாண்டுக்கு ஒரு பட்டியல், தீபாவளிக்கு ஒரு பட்டியல். யார் கொள்முதல் அதிகாரி, யார் ஸ்டோர் கீப்பர், யாருக்குச் சர்க்கரை வியாதி, யார் வீட்டில் புதிதாகக் குழந்தை, எல்லாம் பட்டியலில் இருக்கும். அதை யாரும் லஞ்சம் என்று சொல்வதில்லை. மரியாதை என்றுதான் சொல்வோம். கூடை போகாத வருடத்தில், "பாஸ், என்னா கோபமா?" என்று அவர்களே கேட்பார்கள். முப்பது வருடம் அப்படி வாழ்ந்த கை, மகளின் விஷயம் ஒருவரின் முடிவில் தொங்குகிறது என்று தெரிந்ததும், யோசிக்காமல் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டது.

யோசிக்காமல் என்று சொன்னது சரியில்லை. நன்றாகவே யோசித்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் கடை கடையாக ஏறி, அவர் மலாய்க்காரர் என்பதால் ஒவ்வொரு பிஸ்கட் டப்பாவிலும் ஹலால் முத்திரையைத் தேடிப் பார்த்து வாங்கினேன். நம் வீட்டு முறுக்கை வைக்க வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சண்டை போட்டேன். கடையின் அட்டையைச் செருகி, அதன் கீழே மலாயில் என் கையாலேயே ஒரு வரி எழுதினேன்: 'என் மகள் ஷாமினி உங்களைப் பற்றி மிக உயர்வாகப் பேசுவாள்.' அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால், யாரோ முகவரி தவறி அனுப்பிய கூடை என்று நினைத்திருப்பார்கள். அந்த வரியை எழுதியபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? விலை பேசாமலே விலையை முடித்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த இடத்தை நெருங்க நீ என்ன பாடுபட்டாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பார்த்தேன், சிரித்தேன். அதுதான் உண்மை. போன செமஸ்டர் விடுமுறை முழுக்கச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, முகம் தெரியாத விரிவுரையாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தாய். நாற்பத்தொன்று. பதில் வந்தது மூன்று. அதில் இரண்டு, இடமில்லை. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தெரியாத ஆளுக்கெல்லாம் லெட்டர் போட்டா எவன்மா பதில் போடுவான்? நீ ஊம்னு சொல்லு, நாளைக்கே ஒரு ஆலையில உன்னை இன்டர்ன்ஷிப்புல உக்கார வெக்கிறேன்" என்றேன். நீ தலையை நிமிர்த்தாமல், "உக்கார வெப்பீங்க. அதான்ப்பா பிரச்சனையே" என்றாய். திமிர் என்று நினைத்தேன். அந்த மூன்றாவது பதில் உன் பேராசிரியையிடமிருந்து வந்தது. புதன்கிழமை வா, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வா என்றிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவருடைய லேப்பில் சம்பளமில்லாமல் கண்ணாடிப் பாத்திரம் கழுவினாய், ஆலைக் கழிவுநீர் வாடையோடு வீட்டுக்கு வந்தாய். உன் அம்மா உன் சட்டையைத் தனியாக ஊறவைத்தாள். கெமிக்கல் இஞ்சினியரிங் படிக்க வைத்தது பாத்திரம் கழுவவா என்று அதற்கும் நான் சிரித்தேன்.

கூடை திரும்பி வந்த நாளைச் சொல்கிறேன். துறை அலுவலகத்திலிருந்து கடைக்குப் போன் வந்தது. உங்கள் பொருள் ஒன்று இங்கே இருக்கிறது, வந்து எடுத்துப் போங்கள் என்றார்கள். நான் ஷா ஆலாமில் இருந்தேன். உன் அண்ணன்தான் போய் எடுத்து வந்தான். நான் உள்ளே நுழையும்போது கூடை கல்லா மேசைமேல் இருந்தது, சுற்றியிருந்த பளபளப்புத் தாள்கூடப் பிரியாமல்.

"இது நீங்க அனுப்பினதாப்பா?"

"ஆமா. ஏன், அவங்களுக்குப் பிடிக்கலையா?"

அவன் சிரிக்கவில்லை. "உங்களுக்கு வேற வழியே தெரியாதுல்ல?" என்றான். எட்டு வருடமாக என்னோடு கடையில் நிற்கிறவன், என்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னான்.

உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. அவன் மெக்கானிக்கல் படித்தபோது அவனுடைய தொழிற்பயிற்சிக்கு நான் ஒரே ஒரு போன் போட்டேன். பெரிய ஆலை, என் பழைய வாடிக்கையாளர். மறுநாளே இடம் கிடைத்தது. அந்த வேகத்தை நான் எத்தனை கல்யாண வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேன். அந்தப் பதினாறு வாரம் அங்கே என்ன நடந்தது என்று அவனிடம் ஒருநாளும் கேட்கவில்லை. பம்பு பாஸ் வீட்டுப் பிள்ளை, அடிபட்டால் நமக்குச் சங்கடம் என்று அவனைக் குளுகுளு அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். பாய்லர் பக்கம் போனால், "தம்பி, அங்க சூடு, நீ ஆபீஸ்ல இரு லா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கோப்பு அடுக்கினான், ஜெராக்ஸ் எடுத்தான். தினசரி வேலையைக் குறிக்கும் லோக் புக்கில் அவன் செய்யாத வேலைக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். படிப்பு முடிந்து முதல் வேலை நேர்காணலில், நின்றுபோன பம்பை மறுபடி ஓட்டும்போது முதலில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டிருக்கிறார்கள். "பம்பு விக்கிறவன் பையன்ப்பா நான். பதில் தெரியல. அதுக்கப்புறம் எந்த நேர்காணலுக்கும் போகல" என்றான். அவன் கடைக்கு வந்தது அப்பாவுக்கு உதவியாக இருக்க என்று நான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு எனக்கு இருப்பு கொள்ளவில்லை. இடம் போய்விட்டது என்று தெரிந்த மறுநாள் உன் பேராசிரியைக்கு நானே போன் போட்டேன். வேண்டாம் என்று உன் அம்மா சொல்லச் சொல்லக் கேட்காமல் போட்டேன். எனக்குத் தெரிந்த சந்தைப் பேச்சு மலாயில், பாசார் மலாயில், தப்பு என்னுடையது, பிள்ளைக்கு எதுவும் தெரியாது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஷாமினிக்குத் தெரியாது என்பதை நம்புகிறேன், அவளிடமும் சொல்லிவிட்டேன், ஆனால் இடம் முடிவாகிவிட்டது என்றார். நான் சும்மா இருந்திருக்க வேண்டும். வியாபாரி இல்லையா, ஆறிப்போன பேரத்திலும் கடைசி விலையைத் தெரிந்துகொள்ளாமல் விட மனம் வராது. "புவான், நான் அந்தக் கூடையை அனுப்பாம இருந்திருந்தா என் மகளுக்குக் கிடைச்சிருக்குமா?" என்று கேட்டேன்.

அவரும் அதே மலாய் மரியாதையோடு சொன்னார்: "அது இனி எனக்கும் தெரியாது, எஞ்சிக். உங்களுக்கும் தெரியாது. உங்கள் மகளுக்கும் தெரியாது."

இந்தப் பதிலோடு நான் எத்தனை நாளாக நடந்துகொண்டிருக்கிறேன் என்று உனக்குச் சொன்னால் சிரிப்பாய். உனக்குக் கிடைத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். அந்தச் செந்தூல் பெண்ணின் அப்பாவும் எப்படியும் தன் மகளுக்குத்தான் கிடைத்திருக்கும் என்று நினைப்பார். அவர் கூடை எதுவும் அனுப்பவில்லை, அதனால் அவர் நினைப்பதில் கறை இல்லை. நான் உன்னிடமிருந்து எடுத்தது ஓர் இடத்தை மட்டும் என்றால் அதற்கு ஈடாக வேறு ஏதாவது தேடித் தந்துவிடுவேன். நாற்பத்தொரு மின்னஞ்சலும் இரண்டு மாதப் பாத்திரம் கழுவலும் போதுமா போதாதா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் சேர்த்து எடுத்துவிட்டேன். அதற்கு என்னிடம் ஸ்டாக் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது நான் பேசத் தயாராக வைத்திருந்ததெல்லாம் வேறு. உன் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்து, "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டேன். நீ விஷயத்துக்கு வந்துவிட்டாய். கட்டாயத் தொழிற்பயிற்சிக்கு இடம் எங்கே என்ற படிவத்தை ஜனவரி முடிவதற்குள் துறையில் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் படிப்பு முடிய ஒரு வருடம் தள்ளிப்போகும், அந்த ஆராய்ச்சி இடம் போனபின் கையில் ஒன்றும் இல்லை என்றாய். என் கை தானாகப் போனுக்குப் போனது.

"தொடாதீங்கப்பா."

"ஒரே ஒரு போன், ஷாமினி. பத்து நிமிஷத்துல..."

"அண்ணனுக்கும் பத்து நிமிஷம்தான் ஆச்சு."

பம்பு அடுக்குகளுக்கு நடுவே நின்ற உன் அண்ணன் காதில் விழாத மாதிரி ஸ்டாக் எண்ணினான். நான் கையை எடுத்துக்கொண்டேன். சரி, பிறகு என்ன செய்வாய், மறுபடி நாற்பது பேருக்கு எழுதிக்கொண்டிருப்பாயா என்று கேட்டேன். நியாயமாகத்தான் கேட்டேன், ஆனால் குரலில் அந்தப் பழைய சிரிப்பு இருந்திருக்க வேண்டும். உனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாப்பது பேருக்கும் ஒரே லெட்டர்னு நெனச்சீங்களா? ஒவ்வொருத்தர் எழுதின ஆராய்ச்சிக் கட்டுரையையும் படிச்சேன்ப்பா. எல்லாரும் கடைசில எழுதியிருப்பாங்க, எங்களால இது முடியல, இது சரியா வரல, இதை இன்னும் பாக்கணும்னு. நான் மொதல்ல அந்தக் கடைசியைத்தான் படிப்பேன். அதுலேர்ந்துதான் லெட்டரை ஆரம்பிப்பேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உனக்கு ஏன் என்று புரியவில்லை, நெஞ்சு வலிக்கிறதா என்று பயந்து கேட்டாய்.

உன்னிடம் நான் சொல்லாத கதை ஒன்று உண்டு. இருபத்து மூன்று வயதில், தோளில் ஒரு பையில் வால்வும் கேஸ்கெட்டும் போட்டுக்கொண்டு பந்திங் ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறுவேன். ஆலை ஆலையாகப் போய், "வேலை இருக்கா, சாமான் வேணுமா" என்று கேட்பேன். வாசலிலேயே விரட்டுவார்கள். மூன்று மாதம் ஒரு வால்வு விற்கவில்லை. ஒருநாள் அலுவலகத்துக்குப் போகாமல், ஆலையின் பின்பக்கம் பழைய இரும்பு குவிந்து கிடக்கிற இடத்துக்குப் போனேன். உடைந்ததைத்தானே அங்கே போடுவார்கள். பம்பில் கசிவைத் தடுக்கும் சீல், ஒரே மாதிரி பதினோரு எண்ணம் கிடந்தது, எல்லாம் ஒரே பக்கமாகத் தேய்ந்து. அதில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இஞ்சினியரிடம் போய், "சார், இது அடிக்கடி போகுதே, ஷாஃப்ட் கோணலா இருக்கா?" என்றேன். அவர் நாற்காலி இழுத்துப் போட்டார். அன்றைக்கு ஆரம்பித்த கடை இது. இன்றைக்கும் புது ஆலைக்குப் போனால் முதலில் பின்பக்கம்தான் போவேன். இந்தத் தொழில் ரகசியத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. நீ என்னைக் கேட்காமலே, அந்தக் குவியல் ஆராய்ச்சிக் கட்டுரையில் எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடித்து, நம் சாப்பாட்டு மேசையில், என் கண் முன்னாலேயே அதைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறாய். நான் எதிரில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

மலரைப் படிக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன். வேலை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அங்கே என்ன உடைகிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். பெரிய கம்பெனியின் பெயருக்காக அலையாதீர்கள். ஆள் குறைவாக இருக்கிற சின்ன ஆலையில்தான் ஸ்பேனரை உங்கள் கையில் கொடுப்பார்கள். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து மறுபடி எழுதுங்கள், அதில் வெட்கமே இல்லை. இல்லை என்று சொன்னவரிடம், வேறு யாரைப் பார்க்கலாம் என்று கேளுங்கள். இல்லை என்று சொன்ன சங்கடத்தில் நல்ல பெயராகவே சொல்வார். அப்பாக்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பிள்ளை போய்விட்டு வந்தபின், அங்கே என்ன செய்தாய் என்று உட்கார்ந்து கேளுங்கள். நான் கேட்கவில்லை.

பிறகு நாம் பேரம் பேசினோம். எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன், உன்னிடம் பேசியது போல வியர்த்ததில்லை. நீ கேட்டது என் நீலப் புத்தகம். ஆலைக்கு ஒரு பக்கம். அங்கே எந்தப் பம்பு, எது எப்போது கெட்டுப்போகும், இஞ்சினியர் யார், அவர் காலையில் நல்லவரா மாலையில் நல்லவரா என்று முப்பது வருடமாக எழுதி வைத்தது. கூட்டு வியாபாரத்தில் இருந்த உன் மாமாவுக்குக்கூட நான் அதைக் காட்டியதில்லை.

"இருபது ஆலை குடுங்க."

"அஞ்சு."

"அப்பா, நான் கஸ்டமர் இல்ல."

"அதனாலதான்மா அஞ்சு. கஸ்டமரா இருந்தா ரெண்டு."

அப்போதுதான், இத்தனை வாரத்தில் முதல் தடவையாக, உன் உதடு லேசாக வளைந்தது. உன் அண்ணன் அடுக்குக்குப் பின்னாலிருந்து, "குடுத்துடுங்கப்பா, அவ எறங்க மாட்டா. உங்க ரத்தம்" என்றான். பன்னிரண்டில் முடிந்தது. நான் கேட்ட ஒரு போனுக்கு நீ சம்மதிக்கவில்லை. உன் பெயரோடு என் பெயர் ஒட்டிக்கொண்டு வருமே, ஐ.சி. அடையாள அட்டையிலேயே இருக்கிறதே என்றேன். "அந்தப் பேர்ல இந்த நாட்டுல ஆயிரம் பேர் இருக்காங்கப்பா. அவங்களுக்குப் பம்பு பாஸைத்தானே தெரியும்" என்றாய்.

இப்போது போனைக் கவிழ்த்து வைத்ததற்கு வருகிறேன். காலை பதினோரு மணிக்கு ஒரு அழைப்பு வந்தது. உன் பட்டியலில் நான்காவதாக இருக்கிற ஆலையின் இஞ்சினியர். ஒரு சீல் அவசரமாக வேண்டுமாம். ஆர்டரை எழுதிக்கொண்டேன். வைப்பதற்கு முன்னால் வழக்கம்போல, "பாஸ், பொண்ணு இப்ப என்னா பண்ணுது?" என்று கேட்டார். நாக்கு நுனியில் இருந்தது, ஷாமினி. உன் மின்னஞ்சல் அவருடைய பெட்டியில் இருக்கும், திறக்காமல் கிடக்கும், ஒரு வார்த்தை சொன்னால் போதும். "படிக்குது" என்று சொல்லி வைத்துவிட்டேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். எழுந்து போய் லோரி வந்துவிட்டதா என்று பார்த்தேன். வரவில்லை.

ஒப்புக்கொண்டதை எழுதிவிடுகிறேன், உனக்கும் எனக்கும் சாட்சியாக உன் அண்ணன். நீலப் புத்தகத்திலிருந்து பன்னிரண்டு பக்கம், நகல் எடுத்து உன்னிடம் கொடுத்தாகிவிட்டது. அந்தப் பன்னிரண்டு ஆலைகளில் யாரிடமும் உன்னைப் பற்றி நான் பேச மாட்டேன். போனில் இல்லை, வாட்ஸ்அப்பில் இல்லை, உன் அண்ணன் மூலமாகவும் இல்லை, அவர்களாகக் கேட்டாலும் இல்லை. பன்னிரண்டும் இல்லை என்று சொன்னால் அடுத்து என்ன என்பது உன் முடிவு; வருடம் தள்ளிப்போனாலும் நான் வாய் திறக்க மாட்டேன். பதிலுக்கு நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து சாப்பிடுவாய். எத்தனை பதில் வந்தது என்று நான் வாரத்துக்கு ஒரு தடவை கேட்கலாம், எங்கிருந்து என்று கேட்கக்கூடாது. நேர்காணலுக்கு யாராவது கூப்பிட்டால் நான்தான் ஓட்டி வருவேன். இதை மட்டும் நீ விட்டுக்கொடுத்தாய். கடைப் பெயர் எழுதிய வேனில் வரக்கூடாது, அம்மாவின் மைவி காரில் வரவேண்டும். வண்டி ஆலை கேட்டுக்கு வெளியே நிற்கும். எவ்வளவு நேரம் ஆனாலும் நான் இறங்க மாட்டேன்.

அப்பா